மாதச் சாமானுக்கு எந்தக் கடை? கொழும்பின் பெரிய கடைகள் குறித்து ஓர் ஒப்பீடு

வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கான மாதச் சாமான்களை வாங்குவது பல ஆண்டுகளாக என் பொறுப்பு. கார்கில்ஸ் ஃபூட் சிட்டி, கீல்ஸ், ஆர்பிகோ சுப்பர்சென்டர், லங்கா சதொச ஆகிய நான்கிலும் மாறி மாறி வாங்கிப் பழகியதால், எதை எங்கே வாங்கலாம் என்று உறவினர்களும் அயலவர்களும் என்னிடம் கேட்பது வழக்கம். அவர்களுக்கு வாயால் சொல்லி வந்ததை இங்கே எழுத்தில் தருகிறேன்.

முதலில் விலை. பால்மா, சவர்க்காரம், பற்பசை, பிஸ்கட் போன்ற பொதி செய்யப்பட்ட பொருட்களுக்காகக் கடை கடையாக ஏறி இறங்குவது வீண் அலைச்சல் என்பதே என் அனுபவம். அதிகபட்ச சில்லறை விலை பொதியிலேயே அச்சிடப்பட்டிருப்பதால், சலுகை அறிவிக்கப்பட்ட நாட்களைத் தவிர, பெரிய கடைகளுக்கிடையே சொல்லிக்கொள்ளத்தக்க வித்தியாசம் வருவதில்லை. உண்மையான வித்தியாசம் மரக்கறி, மீன், நிறுத்து வாங்கும் அரிசி, பருப்பு ஆகியவற்றிலும், கடைகள் தம் சொந்தப் பெயரில் விற்கும் பொருட்களிலும்தான் இருக்கிறது. அரிசி, சீனி, மைசூர் பருப்பு, தகரத்தில் அடைத்த மீன் ஆகியவற்றைப் பொறுத்தவரை, அரசுக்குச் சொந்தமான சதொசவில் விலை குறைத்ததாக அறிவிப்பு வந்தால் அன்றோ மறுநாளோ காலையிலேயே போய்விடுவது நல்லது. ஆனால், ஒரு வீட்டுக்குத் தேவையான அத்தனையையும் அங்கே ஒரே நடையில் வாங்கி முடிக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன்.

மரக்கறி விடயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வார இறுதிகளில் குறிப்பிட்ட வங்கிகளின் கடனட்டைகளுக்கு மரக்கறி, பழம், மீன் ஆகியவற்றில் பெரிய கழிவு கொடுக்கப்படுகிறது. எங்கள் மாடியில் தையல் வேலை செய்து பிழைக்கும் ஓர் அக்கா இருக்கிறார். அவரிடம் கடனட்டை இல்லை. அவரும் நானும் ஒரே சனிக்கிழமை, ஒரே பெட்டியிலிருந்து போஞ்சி அள்ளி, ஒரே தராசில் நிறுத்து, ஒரே வரிசையில் நின்றோம். என் பற்றுச்சீட்டில் கழிவு விழுந்தது, அவருடையதில் முழு விலை நின்றது. வசதி குறைந்தவர் கூடுதலாகக் கொடுக்கும் இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது. கடனட்டை இல்லாதவர்களுக்கு நான் சொல்வது, மரக்கறிக்கு வெள்ளவத்தைச் சந்தைக்கே போங்கள் என்பதுதான். முன்பெல்லாம் புறக்கோட்டை மெனிங் சந்தைக்கு பஸ் ஏறிப் போய் மொத்தமாக வாங்கி வருவோம். அந்தச் சந்தை 2020 இறுதியில் பேலியகொடைக்கு மாறிய பிறகு, கையில் பையுடன் போய்வருபவர்களுக்கு அது தூரமாகிவிட்டது.

கவனிப்பு என்று வரும்போது கடையின் பெயரைவிடக் கிளையே முக்கியம். ஒரே நிறுவனத்தின் இரண்டு கிளைகளில் இரண்டு விதமான அனுபவம் கிடைக்கும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்துக் கிளைகளில் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லும் ஊழியர்கள் இருக்கிறார்கள். சிங்களமும் ஆங்கிலமும் சரளமாக வராத என் அம்மா தனியாகப் போய் வாங்கி வருவதற்கு அதுவே போதுமான காரணம். அவருக்கு மீன் பகுதியில் நின்று, பாரைத் துண்டைத் திருப்பிக் காட்டச் சொல்லி, விருப்பமில்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரும் சுதந்திரம் வேண்டும். மொழி புரியாத இடத்தில் அது கிடைக்காது.

பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு பெரிய கடையில் எனக்கு ஏற்பட்ட அனுபவத்தையும் சொல்லியாக வேண்டும். இராக்கையில் ஒட்டியிருந்த விலைக்கும் பற்றுச்சீட்டில் விழுந்த விலைக்கும் அறுபது ரூபாய் வித்தியாசம். காசாளர் பெண்ணிடம் காட்டியபோது, புதிய விலை கணினியில் ஏறிவிட்டது, இராக்கைச் சிட்டை மாற்றப்படவில்லை என்றார். அவர் மீது குற்றமில்லை. ஆனால் முகாமையாளர் வருவதற்கு இருபது நிமிடம் ஆனது, பின்னால் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் அறுபது ரூபாயை விட்டுவிட்டுப் போகலாம் என்றே தோன்றியது. நான் விடவில்லை. இராக்கையில் காட்டிய விலைக்கே தந்தார்கள். இப்படி நேரும்போது பணிவாக, ஆனால் உறுதியாக நிற்க வேண்டும். அங்கேயே தீராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட அந்தச் சபை இத்தகைய முறைப்பாடுகளுக்காகவே இருக்கிறது.

இனி, நிலைத்து நிற்கும் வலிமை. கார்கில்ஸின் வரலாறு 1844 இல் தொடங்குகிறது. கோட்டை யோர்க் வீதியில் உள்ள அதன் செங்கல் நிறக் கட்டடம் 1906 இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் சுப்பர் மார்க்கெட் என்ற வடிவத்துக்கு அது 1983 இல்தான் வந்தது. அதே கோட்டையில் வைட்வே லெய்ட்லோ என்ற பெருங்கடையும் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. இன்று கட்டடத்துக்குத்தான் அந்தப் பெயர், கடை இல்லை. கீல்ஸ் கடைகளை நடத்தும் ஜோன் கீல்ஸ் குழுமத்தின் வேர் 1870 இல் தொடங்கிய தரகு வணிகத்தில் இருக்கிறது. ஆர்பிகோவுக்குப் பின்னால் இருப்பது 1932 இல் தொடங்கிய ரிச்சர்ட் பீரிஸ் நிறுவனம். இறப்பர், மெத்தை, பிளாஸ்டிக் என்று தானே உற்பத்தி செய்யும் நிறுவனம் என்பதால், ஹைட் பார்க் கோர்னர் கடையில் அரிசியோடு தலையணையும் வாளியும் கதிரையும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கின்றன. புதிதாக வீடு மாறுபவர்களை நான் முதலில் அங்கேதான் அனுப்புவேன்.

வயது மட்டும் ஒரு கடையைக் காப்பாற்றுவதில்லை என்பதை 2022 காட்டியது. டொலர் சில மாதங்களுக்குள் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் அளவுக்கு ஏறியது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. பால்மாவுக்கு வரிசை நின்றோம். இறக்குமதியாளரை மட்டுமே நம்பியிருந்த சிறு கடைகள் பல வெறும் இராக்கைகளோடு நின்றபோது, விவசாயிகளிடம் நேரடியாகக் கொள்வனவு செய்யும் கடைகளில் மரக்கறியாவது இருந்தது. கார்கில்ஸ் 1999 முதலே அந்த வழியில் இறங்கியிருந்ததோடு, கொத்மலை பாலையும் கிஸ்ட் ஜாமையும் தன் கையிலேயே வைத்திருக்கிறது. ஒரு கடை அடுத்த நெருக்கடியையும் தாங்குமா என்று பார்ப்பவர்கள் அதன் பொருள் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மின்சாதனம் வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. வேறொரு பெரிய கடையில் இரண்டு ஆண்டு உத்தரவாதத்துடன் வாங்கிய எங்கள் மின்விசிறி பதினான்காம் மாதத்தில் நின்றுபோனது. பத்திரமாக வைத்திருந்த பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தால், வெப்பத்தில் அச்சாகும் அந்த மெல்லிய தாளில் எழுத்து முழுவதும் மங்கி, கடையின் முத்திரை மட்டும் நீலமாகத் தெரிந்தது. தாளில் திகதி இல்லாமல் எதுவும் செய்ய முடியாது என்று ஒருவர் மறுத்தார். உள்ளேயிருந்து வந்த இன்னொருவர் என் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு, கணினியில் தேடி, வாங்கிய நாளைக் கண்டுபிடித்துத் தந்தார். விசிறி ஒன்பது நாளில் திருத்தப்பட்டு வந்தது. அன்றிலிருந்து எந்த மின்சாதனம் வாங்கினாலும் பற்றுச்சீட்டைக் கடை வாசலிலேயே புகைப்படம் எடுத்து, உத்தரவாத அட்டையில் கடை முத்திரை விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே வெளியே வருகிறேன்.