குண்டு விழுந்ததால் வெளியே தெரிந்த வீடு

இங்கிலாந்தின் துறைமுக நகரமான சவுத்தாம்டன் என்றாலே எல்லோருக்கும் அங்கிருந்து புறப்பட்ட டைட்டானிக் கப்பல்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான், பிரெஞ்ச் ஸ்ட்ரீட்டில் 58-ஆம் எண் வீட்டைப் பார்க்கும் வரை. சுமார் 1290-இல் ஜான் ஃபோர்ட்டின் என்ற வணிகர் கட்டியது. இன்று பழங்காலச் சின்னங்களைப் பாதுகாக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பின் பராமரிப்பில் இருக்கிறது.

தெருப்பக்கம் அகலம் குறைவு, உள்ளே போகப் போக நீளம். முன்னால் கடை, நடுவில் கூரை வரை திறந்து கிடக்கும் உயரமான கூடம், அதற்குப் பின்னால் வீட்டாருக்கான அறை. இடம் போதவில்லையென்று மாடிப் படுக்கையறையைத் தெருவின் மேலேயே நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு யாராவது இப்படிச் செய்தால் நகராட்சி சும்மா விடுமா! ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது தரைக்குக் கீழே இருக்கும் கல் நிலவறைதான். ஒயின் பீப்பாய்களுக்குச் சூடும் குளிரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகவே மண்ணுக்குள் இறக்கிக் கட்டியது. அங்கே ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள்.

இந்த வீடு தப்பிப் பிழைத்ததே ஒரு கதை. பின்னாளில் சிறு சிறு வீடுகளாகப் பிரித்தார்கள், அப்புறம் மதுக்கடையாகவும் இருந்தது, உள்ளே இவ்வளவு பழைய கட்டடம் ஒளிந்திருப்பது 1940-இல் ஜெர்மன் குண்டு விழுந்து சேதமானபோதுதான் பளிச்சென்று தெரிந்தது. 1980-களில் பிற்காலச் சேர்க்கைகளை நீக்கி முதலில் இருந்த தோற்றத்துக்குத் திருப்பினார்கள். எனக்கு இதில்தான் கொஞ்சம் நெருடல். அறுநூறு எழுநூறு வருடம் மனிதர்கள் புழங்கிய வீட்டில் அந்த மதுக்கடைக் காலத்துக்கு ஒரு மூலையாவது விட்டிருக்கலாம். பளபளவென்று வர்ணம் பூசிய மேசை, பெட்டியெல்லாம் அந்தக் கால பாணியில் புதிதாகச் செய்தவை. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், எனக்கு நாடக மேடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

எல்லா நாளும் திறந்திருக்காது, பார்த்துவிட்டுப் போங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நிலவறைப் படிகள் சிரமம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருவேன்.

அப்படியே பக்கத்தில் டியூடர் ஹவுஸ் என்ற அருங்காட்சியகத்துக்கும் நடந்துவிடுங்கள். அதன் தோட்டத்தில் கூரையில்லாமல் நிற்கும் 12-ஆம் நூற்றாண்டு நார்மன் வீடு இதைவிடப் பழையது. 1338-இல் பிரெஞ்சுப் படை ஊருக்குள் புகுந்து சூறையாடிய பிறகு, அதன் மேற்குச் சுவரை ஊர் மதிலோடு சேர்த்து வாசல், ஜன்னல்களை அடைத்துவிட்டார்கள். அடைத்த தடம் இன்னும் கல்லில் அப்படியே தெரிகிறது. அதை யாரும் பழையபடி திருத்தி வைக்கவில்லை, நல்லவேளை.