இருபடிச் சமன்பாட்டு வீட்டுப்பாடம்: எந்த வழி எப்போது?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளும், கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் படிக்கும் அவர்களுடைய மாமன் மக்களும், விடுமுறையில் கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டுத் திண்ணையில் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் போடும்போது, விடை ஒன்றாகவும் வழி வேறாகவும் இருப்பதைக் கண்டு எது சரி என்று கேட்பார்கள். எல்லாமே சரிதான், ஆனால் எல்லாக் கணக்குக்கும் அவை ஒரே அளவில் உதவுவதில்லை.

ஒரு நாற்றங்காலின் நீளம் அகலத்தைவிட 6 மீட்டர் அதிகம், பரப்பு 91 சதுர மீட்டர் என்று கொள்வோம். அகலம் ய எனில், ய² + 6ய − 91 = 0. காரணிப்படுத்துவோர், பெருக்கினால் −91, கூட்டினால் 6 வரும் எண்களைத் தேடி 13, −7 என்று கண்டு, (ய + 13)(ய − 7) = 0 என எழுதுவார்கள். அகலம் குறை எண்ணாக இருக்க முடியாது என்பதால் விடை 7 மீட்டர். இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. ஆனால் பரப்பை 80 என்று மாற்றிவிட்டால் பொருத்தமான முழு எண் இணையே கிடைக்காது. பிள்ளைகள் அரைமணி நேரம் வீணே தேடிக்கொண்டிருப்பார்கள்.

வர்க்கப் பூர்த்தி முறை அங்கே கைவிடுவதில்லை. ய பக்கமுள்ள சதுரத்தை வரைந்து, மிஞ்சிய 6 மீட்டர்ப் பட்டையை இரண்டு 3 மீட்டர்ப் பட்டைகளாக வெட்டி, அடுத்தடுத்த இரு பக்கங்களில் ஒட்டினால், மூலையில் 3 × 3 அளவுள்ள ஓர் இடம் மட்டும் காலியாக நிற்கும். அந்த 9-ஐ இருபுறமும் கூட்டுகிறோம். முதல் கணக்கில் (ய + 3)² = 100; இரண்டாவதில் (ய + 3)² = 89, ஆகவே அகலம் ஏறத்தாழ 6.43 மீட்டர். இந்தப் படத்தை ஒருமுறை தன் கையால் வரைந்த பிள்ளை, ஏன் பாதியாக்கி வர்க்கப்படுத்துகிறோம் என்று பிறகு கேட்பதில்லை.

மூன்றாவது வழியான சூத்திரம் எல்லாவற்றுக்கும் பொருந்தும்: அய² + ஆய + இ = 0 எனில், ய = (−ஆ ± √(ஆ² − 4அஇ)) / 2அ. குறியைத் தவறவிடுவதும், வர்க்கமூலத்தை மட்டும் வகுத்து முன்னுள்ள எண்ணை அப்படியே விட்டுவிடுவதும்தான் அதில் வழக்கமான பிழைகள். வர்க்கமூலத்துக்குள் நிற்கும் ஆ² − 4அஇ என்ற தன்மைகாட்டியை முதலில் கணக்கிடுவது நல்லது: முதல் கணக்கில் 36 + 364 = 400 முழு வர்க்கம், எனவே காரணிப்படுத்தலாம்; இரண்டாவதில் 36 + 320 = 356 அப்படியல்ல. ஆசிரியர் குறிப்பிட்ட முறையைக் கேட்டிருந்தால் அதையே எழுத வேண்டும்.

முதல் கெழு, அதாவது ய²-க்கு முன்னுள்ள எண், 1 அல்லாதபோது, நான் பரிந்துரைப்பது 12-ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் பாஸ்கரர் தம் பீஜகணிதம் என்ற நூலில், தமக்கு முந்தைய கணித அறிஞர் ஸ்ரீதரருடையது என்று எடுத்துக்காட்டிய வழியை. 3ய² − 5ய = 2 என்பதை வழக்கமான வர்க்கப் பூர்த்தியில் 3-ஆல் வகுத்தால் பின்னங்கள் குவிந்து பிள்ளைகள் தடுமாறுவார்கள். மாறாக, முதல் கெழுவின் நான்கு மடங்கான 12-ஆல் பெருக்கினால் 36ய² − 60ய = 24; நடுக்கெழுவின் வர்க்கமான 25-ஐக் கூட்டினால் (6ய − 5)² = 49. ஆகவே 6ய − 5 என்பது 7 அல்லது −7; ய = 2 அல்லது −1/3. கடைசி வரி வரை பின்னமே வரவில்லை. 2-ஐ இட்டுப் பார்த்தால் 12 − 10 = 2; −1/3-ஐ இட்டால் 1/3 + 5/3 = 2.