ராடில் மரை போட டை நட்டா, ஸ்பிளிட் டையா?

போன மாதம் ஒரு மாட்டுக் கொட்டகைக்குக் கம்பம் நிறுத்த 24 ஜே போல்ட் (அடி ஜே எழுத்துப் போல வளைந்த போல்ட்) செய்ய வேண்டி வந்தது. 12 எம்எம் ராடு, நுனியில் 60 எம்எம் நீளத்துக்கு எம்12 மரை (12 எம்எம் அளவுத் திருகுப் புரி). கையில் இருந்தது ஆறு பட்டை டை நட், அதாவது நட்டு வடிவில் இருக்கும், ராடின் மேல் சுற்றி மரை வெட்டும் சாமான். அதைக் கொண்டு மூன்று போல்ட் போட்டேன், மூன்றிலும் மரையின் மேல்முனை பிய்ந்து சொரசொரவென்று நின்றது, நட்டு இரண்டு சுற்றுக்கு மேல் ஏறவில்லை. அப்புறம் ஸ்பிளிட் டை (ஒரு பக்கம் பிளவு விட்ட வட்ட டை) ஒன்றும், அதைப் பிடித்துச் சுற்றும் கைப்பிடியான டை ஸ்டாக்கும் வாங்கி மீதி 21 போல்ட்டையும் முடித்தேன். ஒரே ராடு, ஒரே வைஸ். நான் ஸ்பிளிட் டை பக்கம்தான்.

முதலில் ஒன்று. மரை பிய்ந்ததற்கு முழுப் பழியையும் டை நட் மேல் போட முடியாது. வெர்னியர் வைத்துப் பார்த்தால் ராடு 12.25 இருந்தது. கருப்பு ராடு (சூட்டில் உருட்டி, மேலே தேய்க்காதது) அப்படித்தான் வரும், மேலே செதிலும் இருக்கும். எம்12 போல்ட்டின் வெளிவிட்டமே சாதாரணப் பொருத்தத்தில் 11.97-ஐத் தாண்டக்கூடாது. அதோடு மைல்ட் ஸ்டீல் வெட்டுப்படும்போது கொஞ்சம் மேலே பிதுங்கும், அந்தப் பிதுக்கம்தான் டையில் போய் இறுகிப் பிய்கிறது. அதனால் பிட்சில் (ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள தூரம்) பத்தில் ஒரு பங்கை 12-லிருந்து கழித்துவிட வேண்டும். எம்12-க்கு பிட்ச் 1.75, ஆகவே ராடு 11.8 இருந்தால் போதும். நுனியை 45 டிகிரிக்குச் சரித்து, முனை 9.5 வரும்வரை அரம் போட வேண்டும். எந்த டை வாங்கினாலும் இந்த வேலை உண்டு, இதைச் செய்யாமல் டையைத் திட்டிப் பயனில்லை.

இதையெல்லாம் செய்த பிறகும் டை நட் கஷ்டப்படுத்தியது. அது அடிப்படையில் பழைய மரையைச் சீர் செய்யும் சாமான். துரு ஏறிய, அடிபட்ட போல்ட்டை ஸ்பேனர் போட்டுச் சுற்றிச் சுத்தம் பண்ண அதை அடிக்க ஆளில்லை, கை நுழையாத சந்திலும் வேலை செய்யும். புது ராடில் முழு ஆழத்தையும் ஒரே ஓட்டத்தில் வெட்டச் சொன்னால் திணறுகிறது.

ஸ்பிளிட் டையில் எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது அந்த ஒரு பிளவுதான். டை ஸ்டாக்கில் மூன்று ஸ்க்ரூ இருக்கும். நடுவில் இருப்பது கூர்முனை, பிளவுக்குள் போய் டையை விரிக்கும். பக்கத்து இரண்டும் டையை இறுக்கும். முதல் ஓட்டத்துக்கு நடு ஸ்க்ரூவை முறுக்கி டையைக் கொஞ்சம் விரித்தேன். மரை முழு ஆழத்துக்கு இறங்காமல் மேலோட்டமாக விழுந்தது, கைக்கும் சுமை குறைவு. பிறகு நடு ஸ்க்ரூவைத் தளர்த்தி, பக்கத்து இரண்டையும் சமமாக முறுக்கி இரண்டாவது ஓட்டம். இப்போது வந்த பிசிறு சின்னச் சின்னச் சுருளாக விழுந்தது, மரையின் பக்கங்கள் பளபளவென்று இருந்தன. நட்டைப் போட்டுப் பார்த்தேன், விரலாலேயே கடைசி வரை போயிற்று. இறுக்கமாகத் தோன்றினால் இன்னும் கால் முறுக்கு, திரும்ப ஒரு ஓட்டம். இந்த வசதி டை நட்டில் கிடையாது, அதன் அளவு அதன் அளவுதான். விரிப்பதும் இறுக்குவதும் மயிரிழை அளவுதான் என்பதை மட்டும் மறக்கக்கூடாது, பலமாக விரித்தால் பிளவுக்கு எதிர்ப்பக்கம் டை உடைந்துவிடும்.

இந்தத் திருத்தம் இன்னொரு இடத்திலும் கை கொடுத்தது. கொட்டகைக்காரர் போல்ட்டுக்கு ஜிங்க் பூச வேண்டும் என்றார். பூச்சு 8 மைக்ரான் என்றால் மரையின் பக்கங்களில் அது நான்கு மடங்காகத் தெரியும், அதாவது 32 மைக்ரான் போல இறுகும். டையைக் கொஞ்சம் கூடுதலாக இறுக்கி மரையைத் தளர்வாக வெட்டி வைத்தேன், பூசி வந்த பிறகும் நட்டு ஏறியது.

மரை கோணலாவது இரண்டிலும் நடக்கும். ஸ்டாக்கின் இரண்டு கைப்பிடி நீளமாக இருப்பதால் கோணல் சீக்கிரம் கண்ணுக்குத் தெரிகிறது, முதல் இரண்டு சுற்றுக்குள் மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிட்டால் திருத்த முடியும். டையில் அளவு எழுதிய பக்கம் ராடைப் பார்க்க வேண்டும், முதல் சில பற்கள் அந்தப் பக்கம்தான் சரிவாக இருக்கும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, எண்ணெய் விட்டுக்கொண்டே.

லேத்து இருப்பவர்கள் வேறு வழி பார்க்கலாம். ராடைச் சக்கில் (லேத்தின் சுழலும் பிடி) பிடித்து, டெயில் ஸ்டாக்கால் (எதிர்முனையில் நகரும் தாங்கி) டை ஸ்டாக்கைத் தட்டையாக அழுத்திக்கொண்டு சக்கைக் கையாலேயே சுற்றினால் மரை நேராக வரும். நண்பரின் பட்டறையில் நாலைந்து துண்டுதான் இப்படிப் போட்டிருக்கிறேன், நேராகவே வந்தது. எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ராடில் ஸ்பிளிட் டை போட்டது ஒரே ஒரு தடவை, அதுவும் 8 எம்எம். எண்ணெய் தாராளமாக விட்டும் சீக்கிரம் சூடாகி இறுகியது, அதனால் எஸ்எஸ்ஸுக்கு நான் எதையும் அடித்துச் சொல்லமாட்டேன்.

டை பொருளில் ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) எடுங்கள், கார்பன் ஸ்டீலைவிட விலை கூடுதல்தான், ஆனால் 21 போல்ட்டுக்குப் பிறகும் என்னுடையது கூர் மழுங்கவில்லை. டை நட்டைத் தூக்கிப் போடவில்லை. போன வாரம் ஒரு டிராக்டர் டிரெய்லரின் துருப்பிடித்த யு போல்ட்டை ஸ்பேனர் போட்டு அதனால்தான் சுத்தம் செய்தேன்.