பனிக்கால விடியலில் இழுவைத் தூண்டிலா, தவளைத் தூண்டிலா?

தை மாத விடியலில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளக்கட்டில் நின்றால் தண்ணீர்மேல் ஆவி எழுவது தெரியும். கனடாவிலிருந்து வந்திருந்த மனைவியின் தம்பி அதைக் கண்டதும், "ட்ரவுட் பிடிக்க ஏற்ற குளிர், அத்தான்" என்றான். அவன் கையில் இழுவைத் தூண்டில். என்னிடம் மூங்கில் தடியும் தவளையும்.

இழுவைத் தூண்டில் என்றால், வள்ளம் ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்து போக, பின்னால் நீளத் தங்கூசியில் (தூண்டில் நரம்பில்) பளபளக்கும் தகடு நெளிந்துகொண்டு வருவது. ட்ரவுட்டுக்கு அது பொருத்தம். 10 முதல் 16 பாகை செல்சியஸ் வரையான குளிர்நீர்தான் அந்த மீனுக்குப் பிடிக்கும். கோடையில் ஏரியின் மேல்நீர் சூடேற, ஆழத்துக்கு இறங்கிவிடும். குளிர் தொடங்கியதும் மேலே வந்து, திறந்த நீரில் அலைந்து இரை தேடும். அலைகிற மீனுக்கு அலைகிற தூண்டில். இலங்கையில் நுவரெலியா, ஹோட்டன் சமவெளி போன்ற மலைநாட்டுக் குளிர்நீரில்தான் ட்ரவுட் உண்டு.

நம் விரால் அலைவதில்லை. தாமரை இலைக்கடியிலும் சம்புப் புல்லிலும் பதுங்கிக் கிடந்து, பக்கத்தில் அசைவதன்மேல் பாயும். நடுக்குளத்தில் நிறைந்திருப்பது 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா. பாசி தின்னும் அந்த மீன் தகட்டை ஏன் துரத்தப்போகிறது? முதல் நாள் இரண்டு மணி நேரம் இழுத்தோம். மூன்று முள் தூண்டிலில் ஏறியது பாசிக்கொடி மட்டுமே. அதைவிட எனக்குக் கவலை தந்தது வலைகள். விடியலில் குளத்தில் பலருடைய வலை கிடக்கும். அது அவர்களின் பிழைப்பு. இழுவைத் தூண்டில் ஒரு வலையில் மாட்டினாலும் அந்த வலை கிழியும்.

தவளைத் தூண்டிலுக்குப் பொறுமைதான் முதல். விரால் காற்றையும் சுவாசிக்கும் மீன். புல்லோரம் "களுக்" என்று ஒரு சத்தம், பிறகு ஒரு வளையம். அந்த வளையத்துக்கு ஒரு முழம் முன்னால் தவளையை இறக்க வேண்டும். குளிரில் உடல் மந்தமாக இருப்பதால், வெயில் சற்று ஏறிய பிறகே கடிக்கும் என்பது என் அனுபவம். கண்ணால் பார்த்துப் போடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் திரண்டு மிதந்தால், கீழே தாயோ தந்தையோ காவல் நிற்கும். அங்கே தூண்டிலைத் தூக்கிவிட வேண்டும். அந்த மீனைப் பிடித்தால் குஞ்சுகளைக் காப்பாற்ற ஆளில்லை. இழுத்துச் செல்கிறவர் அந்தத் திரளைக் கடந்த பிறகுதான் திரும்பிப் பார்ப்பார்.

புல்லும் வலையும் இல்லாத ஆழநீரில் இழுத்துப் பார்ப்பதில் தவறில்லை. விரால் வேண்டுமென்றால் என் தெரிவு தவளைதான்.

மூன்றாம் நாள் அவன் இயந்திரத்தை நிறுத்தினான். அதே தகட்டைக் கழற்றாமல், வள்ளத்தில் நின்றபடியே புல்லோரமாக வீசினான். ஐந்தாவது வீச்சில் தடி வளைந்தது. கரைக்கு வந்து தகட்டைத் துடைத்தபோது, அதன் வண்ணப்பூச்சில் விராலின் பற்கள் கீறிய கோடுகள் இருந்தன.