எட்டு ஸ்டேஷன் கேம் இண்டெக்ஸர் வாங்கலாமா?

கோவையில் எஸ்பிஎம் (ஒரே வேலைக்கென்று செய்கிற தனி மெஷின்) கட்டுகிற சின்ன ஷாப் எங்களுடையது. வால்வு அசெம்பிளி மெஷினில் டேபிளை ஸ்டேஷன் ஸ்டேஷனாக (வேலை நடக்கிற நிறுத்தங்கள்) திருப்பி நிறுத்த ஓடிக்கொண்டிருந்த ஜெனீவாவை, அதாவது ஒரு பின் பள்ளமுள்ள சக்கரத்தைத் தள்ளுகிற அமைப்பை, கழற்றிவிட்டு, அதே வேலையைக் கேமால் செய்கிற ஒரு தைவான் கேம் இண்டெக்ஸர் போட்டோம். கம்பெனி பெயர் வேண்டாம், கொஞ்சம் திட்டவும் போகிறேன்.

ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது. ஜெனீவாவில் பின் பள்ளத்துக்குள் நுழைகிற அந்த நொடியே முடுக்கம் சட்டென்று ஏறும், அதனால் ஸ்டேஷனுக்கு ஒரு 'டக்', வேகத்தைக் கூட்டினால் ஃபிக்சரில் (பார்ட்டைப் பிடிக்கிற அமைப்பு) வைத்த ஓ-ரிங் எகிறிக் கீழே கிடக்கும். இதில் கேமை மாடிஃபைட் சைன் என்கிற, முடுக்கம் சீராக ஏறி இறங்கும் வளைவில் வெட்டியிருக்கிறார்கள், டேபிள் மெல்லக் கிளம்பி மெல்ல நிற்கிறது. நின்றபின் கேமின் விளிம்பை இரண்டு ரோலர்கள் இருபுறமும் கவ்விக்கொள்வதால் டயல் பிளேட்டை (ஃபிக்சர்கள் உட்காரும் வட்டத் தட்டு) கையால் தள்ளினாலும் அசைவதில்லை, பூட்டிப் பிடிக்கத் தனியாக ஷாட் பின் தேவைப்படவில்லை. துல்லியம் ±30 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் ஒரு ஆர்க் செகண்ட்). மையத்திலிருந்து 300 மி.மீ. தூரத்தில் அது சுமார் 0.04 மி.மீ. ஸ்க்ரூ முடுக்க, ஓ-ரிங் போடத் தாராளம். ரீமிங் (துளையைத் துல்லிய அளவுக்குச் சீவுவது) என்றால் ஃபிக்சரிலேயே ஏதாவது லொகேஷன் கொடுத்துத்தான் ஆகணும்.

விற்பனை ஆள் கேட்டது பிளேட் விட்டம் மட்டும்தான். ஃபிக்சர் எடையையும் அது மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் உட்காரும் என்பதையும் கேட்காமல் எப்படி சைஸ் சொல்கிறார்கள் என்று புரியவில்லை, அதே எடை இரண்டு மடங்கு தள்ளி உட்கார்ந்தால் இனர்ஷியா (சுழலவும் நிற்கவும் காட்டுகிற எதிர்ப்பு) நாலு மடங்கு. நாங்களே கணக்குப் போட்டு அடுத்த சைஸ் எடுத்தோம். டார்க் லிமிட்டர் (சுமை மீறினால் விடுபட்டுவிடும் கிளட்ச்) விலையில் சேரவில்லை என்பதை ஆர்டர் போட்டபிறகு சொன்னார்கள் பாருங்கள், அதுதான் எரிச்சல். டேபிள் நகர்ந்துகொண்டிருக்கும்போது பாதியில் எமர்ஜென்சி ஸ்டாப் அழுத்தினால் மொத்த அடியும் ரோலருக்குத்தான், லிமிட்டர் இல்லாமல் ஓட்டவே கூடாது. சாதாரண ஸ்டாப்பை டுவெல்லில் (டேபிள் நிற்கிற நேரம்) மட்டும் நிற்கும்படி பிஎல்சியில் (மெஷினின் கன்ட்ரோலர்) எழுதிவிடுங்கள்.

எட்டு என்பது கேமிலேயே வெட்டியாச்சு. நாளைக்கு நாலு வேண்டுமென்றால் இரண்டிரண்டாகத் தாண்டவிடலாம், ஆறு கேட்டால் வழியில்லை. பார்ட் அடிக்கடி மாறுகிறவர்கள் நிறுத்தங்களை புரோகிராமிலேயே மாற்றிக்கொள்ளக்கூடிய சர்வோ டேபிள் பக்கம் போங்கள், விலை கூடுதல்தான். வருஷக்கணக்கில் ஒரே பார்ட் ஓட்டுகிறவர்களுக்கு இதுவே போதும், லிமிட்டரையும் டுவெல் சென்சாரையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.