கூகுள் லென்ஸா, பழைய இதழா?

காமிக்ஸ் வில்லன் கட்டுரையைச் சரிபார்க்க மதுரைக்காரருக்கு இரண்டு வழி: கையில் படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸ், இல்லையேல் பழைய புத்தகக் கடை.

படத்துக்கு லென்ஸ்தான். 1940-இல் ‘பேட்மேன்’ முதல் இதழில் அறிமுகமான ஜோக்கர் என்று எழுதிவிட்டு, 2008 ‘தி டார்க் நைட்’ படத்தில் ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜரின் படத்தை ஒட்டியிருப்பார்கள். வாயோரத் தழும்பே காட்டிக்கொடுக்கும். லென்ஸ் நொடியில் உறுதிசெய்யும்.

ஆனால் ஒரே தப்பைப் பத்துப் பேர் காப்பியடித்தால், பத்தையும் அது வரிசையாகக் காட்டும். காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவி 1972-இல் பிறந்ததாக அடித்துவிடுகிறார்களே, அது சிவகாசி முத்து காமிக்ஸில் வந்த ஆண்டு. பிரிட்டனின் ‘வேலியன்ட்’ இதழில் 1962-லேயே வந்தாச்சு, அதுவும் ஆரம்பத்தில் வில்லனாக! இதற்கு மூல இதழின் தேதியே சாட்சி. தமிழ்ப் பதிப்பில் வசனம் பார்க்கலாம். உடை நிறத்தைக் கேட்டால், பல பழைய இதழ்கள் கறுப்பு வெள்ளை.