சிங்கப்பூருக்கு ஒரு முகவர் போட்டுத் தந்த செலவுக் கணக்கு

தியாகராய நகரில் உள்ள ஒரு பயண முகவர் நிலையத்தின் வழியாக, பெற்றோரை அழைத்துக்கொண்டு ஐந்து இரவுகள் சிங்கப்பூர் சென்று வந்தேன். விமானச் சீட்டிலும் விசாவிலும் குறையில்லை. நான் எழுத விரும்புவது, தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் அவர்கள் தயாரித்துக் கொடுத்த செலவு மதிப்பீட்டைப் பற்றி.

விடுதி அமைந்த இடத்தை மனமாரப் பாராட்டுகிறேன். லிட்டில் இந்தியா ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். அறை சிறியதுதான், மூன்றாவது கட்டிலைப் போட்டபின் பெட்டியைத் திறக்க இடமில்லை. ஆயினும், சர்க்கரை நோய் உள்ள அம்மாவுக்குப் பசித்த நேரத்தில் சிராங்கூன் சாலையில் இட்லி கிடைத்ததும், 1947 முதல் இயங்கிவரும் கோமள விலாஸுக்கு அப்பா துணையின்றி நடந்துபோய்க் காபி குடித்து வந்ததும் பெரிய அறையைவிட எங்களுக்கு மேலானவை.

குறை, கணக்கில் இருந்தது. சிங்கப்பூரில் பல விடுதிகள் அறை வாடகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகளை இடுகின்றன. ஒன்று 10 விழுக்காடு சேவைக் கட்டணம். மற்றொன்று, அதையும் சேர்த்த தொகையின் மீது விதிக்கப்படும் பொருள் சேவை வரி, 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடு. ஆகவே 100 வெள்ளி (டாலரை அங்குள்ள தமிழர் அப்படித்தான் சொல்கிறார்கள்) என்று எழுதிய அறைக்கு 119 வெள்ளி 90 காசு செலுத்த வேண்டும். எங்கள் தாளில் அந்தக் குறிகள் விடுபட்டிருந்தன. ஐந்து இரவுகளுக்குக் கூட்டினால், தங்காத ஆறாவது இரவுக்கும் வாடகை கொடுத்ததற்கு ஈடாகிறது. விடுதிக்குள் நுழைந்ததுமே அதைக் கேட்டார்கள். அப்பா முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

சாப்பாட்டிலோ பிழை நேர்மாறானது. மூன்று வேளையும் உணவகத்தில் சாப்பிடுவோம் என்று எண்ணித் தொகையைக் கூட்டியிருந்தார்கள். மதிய உணவை நாங்கள் பெரும்பாலும், சிறு உணவுக் கடைகள் பல ஒரே கூரையின்கீழ் இருக்கும் தேக்கா உணவங்காடி நிலையத்தில் முடித்துக்கொண்டோம். அங்கே பலகையில் எழுதிய விலையே நாம் கொடுக்கும் விலை. சேவைக் கட்டணம் கிடையாது, தட்டை மட்டும் நாமே உரிய இடத்தில் திருப்பி வைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரைத் தயக்கமின்றிக் குடிக்கலாம் என்பதால் தண்ணீர் பாட்டிலுக்கென ஒதுக்கிய பணமும் மிஞ்சியது.

சென்னை திரும்பியதும் தாளைக் காட்டிப் பேசினேன். மழுப்பாமல் ஒப்புக்கொண்டார்கள். அண்மையில் மலேசியாவுக்குக் கணக்குக் கேட்டபோது, வெளிநாட்டவரிடம் ஓர் அறைக்கு இரவுக்கு 10 ரிங்கிட் வீதம் வாங்கும் சுற்றுலா வரியை, நான் கேட்காமலேயே, தனியே குறித்து அனுப்பியிருந்தார்கள்.